பறக்கிற பருந்தைப் படம் பிடிக்க டெல்டாவில் எங்கே, எப்போது, எப்படி நிற்பது?

கேட்டிருந்தது இதுதான்: கும்பகோணம் பக்கத்தில் வீடு, கையில் கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேனான் ஒன்றும் 70-300 மி.மீ. லென்ஸும். பறக்கும் கழுகையும் பருந்தையும் எடுத்தால் ஒன்று கருப்பு நிழலாக விழுகிறது, இல்லாவிட்டால் மங்கிப் போகிறது. 150-600 வாங்கினால் சரியாகுமா? நம் பக்கத்தில் எங்கே, எப்போது போவது?

முதலில் லென்ஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். செம்பருந்து, அதாவது நம் ஊரில் கருடன் என்று கும்பிடுகிற பறவை, இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். உங்கள் கேமராவில் 300 மி.மீ. வைத்துப் பார்த்தால் 20 மீட்டர் தூரத்தில் சட்டத்தின் அகலம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பறவை முக்கால் சட்டத்தை நிரப்பிவிடும். அதே பறவை 40 மீட்டரில் இருந்தால் பாதிச் சட்டம்கூட நிரம்பாது. உச்சியில் வட்டமிட்டுக்கொண்டிருந்தால் 600 மி.மீ.யில் எடுத்தாலும் புள்ளிதான். ஆகவே 20, 25 மீட்டருக்குள் பருந்து தானாக வந்துபோகிற இடமும் நேரமும் தெரிந்துவிட்டால், இப்போது வைத்திருப்பதே போதும். டெல்டாவில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இல்லை.

சேற்றுழவு நடக்கிற வயலைப் பாருங்கள். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலுக்கு வந்ததும் குறுவைக்கு உழவு தொடங்கும். அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் சம்பாவுக்கும் தாளடிக்கும். கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட டிராக்டர் சேற்றைக் கலக்கும்போது நண்டு, தவளை, எலி எல்லாம் வெளியே வரும். கொக்குக் கூட்டம் டிராக்டருக்குப் பின்னால் நடக்கும், செம்பருந்து மேலே சுற்றும். இரை கண்ணில் பட்டால் டிராக்டர் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் இறங்கி, கால் நீட்டி எடுத்துக்கொண்டு எழும். தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் ஓடும்போதும் இதே கதைதான், அப்போது எலிதான் முக்கிய இரை. மெஷின் கடைசிப் பட்டையை அறுக்கிற நேரத்தைத் தவறவிடாதீர்கள். எலியெல்லாம் அந்த மிச்சக் கதிருக்குள்தான் ஒதுங்கியிருக்கும், அது அறுபடும்போது நாலாபக்கமும் ஓடும். டிராக்டர் ஓட்டுபவரிடமும் வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்தால், எங்கும் அலையாமலே பருந்து உங்கள் பக்கம் வரும்.

இனி எந்த வரப்பில் உட்காருவது என்பது. படம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கேமரா செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் தப்பான வரப்பில் உட்கார்ந்திருந்தால் பறவையின் முதுகும் வாலும்தான் கிடைக்கும். பெரிய பறவைகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இருக்கும். எதிர்காற்றில்தான் இறக்கைக்குத் தூக்கு கிடைக்கும். அதனால் காற்று உங்கள் முதுகில் பட வேண்டும், வெயிலும் முதுகில் பட வேண்டும். இரண்டும் ஒரே பக்கமிருந்து வரும் நேரம் எது என்று பார்த்து, அதற்கேற்ப வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

நம் ஊரில் அதற்கு இரண்டு காலம் உண்டு. வடகிழக்குப் பருவம் தொடங்கி மாசி வரை வாடை அடிக்கும். காலை வெயில் கிழக்கும் தென்கிழக்குமாக வரும். வயலின் கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் வெளிச்சம் பறவை மேல் நேராக விழும். பறவை வடகிழக்கு நோக்கி எழும்புவதால் முழுதாக உங்களைப் பார்த்து வராது, முக்கால் பக்கமாகத் திரும்பி வரும். ஒரு கண், மூக்கின் வளைவு, இரண்டு இறக்கை எல்லாம் தெரிகிற கோணம் அது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இன்னொன்று ஆடிக்காற்று. மேற்கிலிருந்து பலமாக அடிக்கும், மாலை வெயிலும் மேற்கிலிருந்தே வரும். நாலு மணிக்கு மேல் வயலுக்கு மேற்கே நின்று கிழக்கே பார்த்தால் பருந்து நேருக்கு நேர் முகத்தைக் காட்டிக்கொண்டு வரும். காற்றின் வேகத்தில் முன்னேற முடியாமல் ஒரே இடத்தில் தொங்குவதுபோல் நிற்கவும் செய்யும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. காவிரிக் கரை, கொள்ளிடக் கரை போன்ற உயரமான இடத்தில் நின்றால் பறவை உங்கள் கண்மட்டத்திலேயே பறக்கும். வெறும் வானத்துக்குப் பதிலாகப் பின்னால் படுகைத் தோப்பின் பச்சை விழும். வயிற்றை மட்டும் காட்டுகிற படங்களிலிருந்து விடுபட எனக்குத் தெரிந்த சுலபமான வழி ஆற்றுக் கரை மேல் ஏறி நிற்பதுதான்.

மோசமான நேரம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். பங்குனி, சித்திரையில் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும், வெயில் மேற்கில் இருக்கும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் பறவை உங்களுக்கு முதுகைக் காட்டும். அந்த நாட்களில் கடலோரத்தில் காலை மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். எந்தப் பருவமானாலும் பத்து மணிக்கு மேல், மாலை வெயில் தணிகிறவரை, தரை சூடாகி, தூரத்தில் இருப்பதெல்லாம் கானல்போல் நெளிய ஆரம்பிக்கும். அதில் எடுத்த தூரத்துப் படம் எந்த லென்ஸிலும் கூர்மையாக வராது. பலர் ஃபோகஸ் தப்பிவிட்டது என்று லென்ஸைக் குறை சொல்வது இந்த நேரத்துப் படங்களைப் பார்த்துத்தான்.

கருப்பாக விழுவது ஏன் என்றால், கேமரா வானத்தைப் பார்த்து அளவெடுக்கிறது. வெளுத்த வானம் சட்டம் முழுக்க இருக்கும்போது அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், நடுவில் இருக்கிற பறவை நிழலாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா எடுத்த வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கிற வசதி) +1 அல்லது +1.5 வைத்தால் சரியாகும். ஆனால் அதே பருந்து வானத்திலிருந்து இறங்கித் தென்னந்தோப்புக்கு முன்னால் வரும்போது அந்த +1.5 அதன் தலையை வெளுத்துவிடும். ஒரே பறவை, அதன் மேல் விழுகிற வெயிலும் ஒன்றே, பின்னணி மட்டும் நொடிக்கு நொடி மாறுகிறது. அதனால் வெயில் நிலையாக இருக்கும் நாளில் எல்லா அளவையும் நாமே வைக்கிற முழு மேனுவலுக்குப் போய்விடுங்கள். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 8, ஷட்டர் வேகம் 1/1600 நொடி என்பது தெளிவான வெயிலுக்கு ஏறக்குறைய சரியான கணக்கு. காலை ஏழு, ஏழரைக்கு ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு ஏற்றுங்கள். ஒரு தடவை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டால், மேகம் வரும்வரை அதைத் தொட வேண்டியதில்லை.

செம்பருந்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தலையும் மார்பும் தூய வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம், இறக்கை நுனி கருப்பு. செங்கல் நிறத்துக்கு அளவு வைத்தால் தலையில் இறகே தெரியாது, சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தலையை மட்டும் பாருங்கள். நல்ல படத்தில் வெள்ளை இறகு ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கரும் கோடு ஓடுவது தெரியும். அது தெரியவில்லை என்றால் 1/1600-ஐ 1/2000 அல்லது 1/2500 ஆக்குங்கள். உடல் சற்று இருண்டு வரும், பரவாயில்லை. ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் பதிகிற மூலப்படத்தில்) இருட்டைத் தூக்கிவிடலாம், வெளுத்துப்போன தலையை மீட்க முடியாது.

மங்கலுக்குப் பெரும்பாலும் ஷட்டர் வேகம் குறைந்ததுதான் காரணம். நொடிக்கு 10 மீட்டர் போகிற பறவை 1/500-ல் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 1/2000-ல் அரை சென்டிமீட்டர்தான். கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் உடல் அசைவு அடங்கிவிடும், ஆனால் அடிக்கிற இறக்கை நுனி அடங்காது. மிதந்து வரும் பருந்துக்கு 1/1600, பாய்ந்து இறங்குவதற்கு 1/2500-க்கு மேல், வல்லூறு மாதிரி படபடவென்று அடித்துப் போகிறதற்கு 1/3200 வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ. ஏறுகிறதே என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தை மென்பொருளில் சரிசெய்ய முடியும், இழுபட்ட இறகைச் சரிசெய்ய வழியில்லை.

ஃபோகஸுக்கு ஏ.ஐ. சர்வோ, அதாவது நகர்கிற பறவையை விடாமல் பின்தொடர்கிற முறை. நிக்கானிலும் சோனியிலும் அதற்கு ஏ.எஃப்.-சி என்று பெயர். ஒற்றைப் புள்ளியில் பறக்கிற பறவையைப் பிடித்து வைப்பது கஷ்டம், நடுவில் ஒரு சின்ன மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். மிரர்லெஸ்ஸில் பறவைக் கண்ணைத் தேடும் வசதி இருந்தால் வானத்துக்கு எதிரே அது அருமையாக வேலை செய்யும், பனங்காட்டுக்கு முன்னால் சில சமயம் ஓலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் குறைக்க, டிராக்கிங் சென்சிட்டிவிட்டியை மந்தமான பக்கம் வையுங்கள். குறுக்கே ஒரு தென்னை வந்தாலும் கேமரா உடனே அதற்குத் தாவாது. இன்னொரு பழக்கம்: பருந்து வருமுன் அதே தூரத்தில் இருக்கிற ஒரு மரத்திலோ கரண்ட் கம்பத்திலோ ஃபோகஸ் செய்து வையுங்கள். கிட்டத்தில் இருக்கிற வரப்புப் புல்லில் ஃபோகஸ் நின்றிருந்தால், வ்யூஃபைண்டரில் பறவையே தெரியாது, தேடுவதற்குள் போய்விடும். பறவையைத் தூரத்திலேயே கண்ணில் பிடித்து, கேமராவைத் தூக்கி, அது கிட்டே வரும்வரை பட்டனை அழுத்தாமல் கூடவே திரும்பி, கடைசியில் சின்னச் சின்னதாக எடுங்கள். தூரத்திலேயே நீளமாக அழுத்திக்கொண்டிருந்தால், கண்ணுக்கு நேரே வரும்போது பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்து கேமரா நின்றுவிடும். முழங்கையை விலாவோடு சேர்த்து, இடுப்பிலிருந்து திரும்புங்கள். 70-300-க்கு ட்ரைபாட் வேண்டாம், அது கையைக் கட்டிப் போட்டுவிடும்.

இதற்கெல்லாம் மேல், எந்தப் பறவை அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்திருப்பது பாதி வேலை. நீங்கள் கழுகு என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இளம் செம்பருந்தாக இருக்கும். வெள்ளைத் தலை வருமுன் அது முழுப் பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து என்றும் கழுகு என்றும் பலர் நினைத்துவிடுகிறார்கள். வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு வால் நுனி பிளவுபட்டிருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும். செம்பருந்து சின்ன இரையைப் பறந்துகொண்டே தின்னும். எடுத்துக்கொண்டு எழுந்த சில நொடிகளில் தலையைக் குனிந்து, காலை முன்னுக்குக் கொண்டுவரும். இரை எடுத்த படம் கிடைத்துவிட்டது என்று கேமராவை இறக்கிவிடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

கருந்தோள் பருந்து வயல்வெளியின் அழகன். வெள்ளைச் சாம்பல் உடல், தோளில் கருப்பு, கண் ரத்தச் சிவப்பு. எலியைப் பிடிக்கப் பறவைகள் உட்காரட்டும் என்று விவசாயிகள் வயலில் நட்டு வைக்கிற பறவை தாங்கிகளிலும், கரண்ட் கம்பியிலும் உட்காரும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பிறகு எழும்பி அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று இறக்கையடிக்கும், பார்த்து, படிப்படியாக இறங்கி, கடைசியில் இறக்கையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு விழும். அந்தரத்தில் நிற்கிற நேரம் நிதானமாக ஃபோகஸ் பிடிக்கப் போதும். வெள்ளைப் பறவை என்பதால் பச்சைக்கு முன்னால் இதற்கும் அளவு கொஞ்சம் குறைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் சேற்றுப் பூனைப்பருந்து வரும். சம்பாப் பயிருக்கு மேலும், அறுவடைக்குப் பின் உளுந்து வயலுக்கு மேலும், ஏரிக் கோரைக்கு மேலும், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, இறக்கையை லேசாக மேல்நோக்கிப் பிடித்து, வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போகும். துரத்தினால் கிடைக்காது. அது தேடுகிற வரிசைக்கு எதிரே வரப்புக்குக் கீழே உட்கார்ந்து அசையாமல் இருந்தால் அதுவே வந்து, ஆளைப் பார்த்ததும் சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்தில் வாலும் இறக்கையும் முழுதாக விரியும். வடுவூர், கரைவெட்டி ஏரிகளில் வாத்துக் கூட்டம் திடீரென்று ஒட்டுமொத்தமாக எழும்பினால், வாத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் பாருங்கள், பூனைப்பருந்தோ வேறொரு வேட்டைப் பறவையோ வந்திருக்கும். அதேபோல் கரிச்சானும் காகமும் கத்திக்கொண்டு எதையாவது துரத்தினால் உடனே கேமராவைத் தூக்குங்கள். துரத்தலில் பருந்து சில சமயம் புரண்டு கால்நகத்தைக் காட்டும்.

மீன் பிடித்துத் தின்னும் விரால் அடிப்பானும் குளிர்கால விருந்தாளிதான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு லகூனிலும் கோடியக்கரைப் பக்கமும் தண்ணீரில் ஊன்றிய கம்புகளில் உட்கார்ந்திருக்கும். பறந்தபடி நின்று பார்த்துவிட்டுக் கால் முன்னே நீட்டித் தண்ணீரில் விழும். எல்லோரும் அந்த விழுகையை எடுக்கத்தான் முயல்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிற இரண்டு தருணங்கள் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும். எழுந்த சற்று நேரத்தில் பறந்துகொண்டே உடம்பை உதறும், தண்ணீர் வட்டமாகச் சிதறும். அப்புறம் மீனைத் தலை முன்னால் வருமாறு திருப்பிப் பிடித்துக்கொள்ளும். படகில் போகும்போது கையைப் படகின் விளிம்பில் ஊன்றாதீர்கள், இன்ஜின் அதிர்வு லென்ஸ்வரை வரும்.

உண்மையான கழுகுதான் வேண்டும் என்றால் கோடியக்கரைக்குப் போக வேண்டும். வெள்ளை வயிற்றுக் கடல்கழுகு கடலோரத்திலும், பாம்புக் கழுகு வெட்டவெளியின் மேலும் கண்ணில் படும். குளிர்காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் பெரும்புள்ளிக் கழுகும். 1967-ல் சரணாலயமான இடம், 2002-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வேதாரண்யம் உப்பளங்களில் ஒரு விசேஷம் உண்டு. உச்சிக்குப் போகும் வெயிலில் பொதுவாகப் பறவையின் அடிப்பக்கம் இருண்டுவிடும், அங்கே வெள்ளை உப்பிலும் பாத்தித் தண்ணீரிலும் பட்ட வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்து இறக்கையின் உள்பக்கத்தைத் தெளிவாக்கும். தண்ணீர் கட்டிய நடவு வயலிலும் கொஞ்சம் இப்படித்தான். நாகப்பட்டினம், பழையாறு மீன்பிடித் துறைமுகங்களில் காலை மீன் இறக்கும்போது செம்பருந்துகள் கூடும், நடுவில் நின்று பழகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது துறைமுகம் காலியாக இருக்கும். அணைக்கரையிலும் கல்லணையிலும் மதகுக்குக் கீழே மீன் துள்ளுகிற இடத்தில் பருந்து வட்டமிடும். தண்ணீர் திறக்கும் நாட்களில் ஆற்றுக்குள் இறங்காதீர்கள், கரையிலிருந்தே எடுங்கள்.

கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேல் கருடன் வட்டமிடுவதை எடுக்க வேண்டும் என்கிற ஆசை நம் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. கூட்டத்துக்குள் கோபுரத்தடியில் நின்றால் கழுத்து வலிதான் மிஞ்சும். தெருவின் கிழக்கு முனையில், கோபுரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, யார் வீட்டு மாடியிலாவது அனுமதி கேட்டு நில்லுங்கள். 70-லிருந்து 150 வரை வைத்துக் கலசமும் கருடனும் ஒரே சட்டத்தில் வருமாறு எடுக்க வேண்டும், எஃப் 8 அல்லது 11 வைத்தால்தான் இரண்டும் ஓரளவு தெளிவாக இருக்கும். ட்ரோன் வேண்டாம், பறவை இறக்கையில் மோதினால் அதோடு முடிந்தது.

கோழிக்குடலை வீசிப் பருந்தை வரவழைக்காதீர்கள். வயலும் ஆறும் இவ்வளவு இருக்கிற ஊரில் அதற்குத் தேவையே இல்லை, மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய பறவைக்கு அது கேடு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை செம்பருந்து கூடு கட்டும் காலம். தென்னை உச்சியிலோ ஆலமரத்திலோ குச்சி சுமந்து போவதைப் பார்த்தால் தூரத்தில் நின்று ஒன்றிரண்டு எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைகளுக்கு மேலான பாதுகாப்பைத் தந்திருக்கிறது, கூட்டைத் தொந்தரவு செய்வது குற்றம். வயல்காரர் எலிக்கு விஷம் வைப்பதாகச் சொன்னால், பறவை தாங்கியைப் பற்றி அவரிடம் பேசிப் பாருங்கள். விஷம் தின்ற எலியைப் பருந்து தின்றால் அதுவும் சாகக்கூடும். உங்கள் படத்தை அவருக்கு அச்சிட்டுக் கொடுத்தால் அவர் வயலுக்கு வருகிற பறவை எது என்று அவருக்குத் தெரியும், பேச்சும் சுலபமாகும்.

கேமராவைப் பற்றி ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. கடலோரம் போய் வந்தால் அன்றே ஈரத்துணியால் உடலையும் லென்ஸ் குழலையும் துடையுங்கள், உப்பு காய்ந்த பிறகு தேய்த்தால் கீறும். ஏ.சி. அறையில் வைத்திருந்த கேமராவைப் பனிக்கால விடியலில் வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையோடு திண்ணையில் வைத்துவிடுங்கள். அடைமழை மாதங்களில் சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா கட்டாயம், நம் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஒரு வருடம் எடுத்துப் பழகிய பிறகும் நீளம் போதவில்லை என்று தோன்றினால் 150-600 வாங்குங்கள், சிக்மாவோ டாம்ரானோ எதுவும் சரி. பழையதாக வாங்கினால் இருட்டறையில் லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள், சிலந்தி வலைபோல் கண்ணாடிக்குள் ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.